மெட்டுக்குப் பட்டம் கிடைத்த கதை

1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் ஒரு சங்கீத வித்வானுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. பெற்றவர் திருநெல்வேலிச் சீமை அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். ‘சங்கீத கல்பத்ருமம்’ என்ற இசை நூலுக்காகக் கிடைத்த பட்டம் அது. பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது ஆறே வருடம். அதற்கு நான்கு வருடம் முன்புதான் திருவனந்தபுரத்தில் மகாராஜா ஏற்படுத்திய சங்கீத அகாடமிக்கு அவர் முதல் தலைவராக வந்திருந்தார். இன்றைக்கு சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்று அறியப்படுவது அதுதான்.

இதே பாகவதர் இன்னொன்றும் செய்திருக்கிறார். பேண்டு வாத்தியத்தின் துள்ளலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த ‘இங்கிலீஷ் நோட்டு’ அவருடையது. மதுரை மணி ஐயர் அதைப் பாடிப் பாடி ஊரெல்லாம் பரப்பினார். கச்சேரி முடிகிற நேரத்தில் எழுந்து போகத் தயாரானவர்கள்கூட அதற்காக மறுபடி உட்கார்ந்தார்கள். பட்டம் கல்பத்ருமத்துக்கு, கைதட்டல் நோட்டுக்கு. ஜனங்கள் ஏன் அந்த நோட்டுக்காக உட்கார்ந்தார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாக வைக்கலாம் என்று அன்றைக்கு யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்தக் கேள்வி உலகத்தில் எப்படிப் பாடமானது, எங்கள் பக்கத்துப் பாட்டு அதில் எங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் பக்கம் என்றால் குளத்தூர். நெய்யாறு கடலில் சேரும் பூவாற்றுக்குப் பக்கம், நெய்யாற்றின்கரை வட்டத்தின் தெற்கு ஓரம். ஒருபுறம் பொழியூர், இன்னொரு புறம் பாறசாலை. சற்றுத் தள்ளிப் போனால் களியக்காவிளை, அதற்கப்பால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம், பத்திர ஆபீஸ், ரேஷன் கடை எல்லாம் மலையாளத்துக்குப் போயின. பாட்டு போகவில்லை. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு, சர்ச்சில் தமிழ்க் கீர்த்தனையும் மலையாளப் பாட்டும், கல்யாண வீட்டுத் தென்னையில் கட்டிய கோளாம்பி ஒலிபெருக்கியில் இரண்டு மொழிச் சினிமாப் பாட்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ரேடியோவைத் திருப்பினால் திருவனந்தபுரம், இன்னும் கொஞ்சம் திருப்பினால் திருநெல்வேலி, ராத்திரியானால் இலங்கை. 1984இல் நாகர்கோவில் நிலையமும் சேர்ந்துகொண்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் திருவட்டாற்றில் கமுகறை புருஷோத்தமன் பகலில் பள்ளிக்கூட வாத்தியார். திரையில் மலையாளிகள் கொண்டாடிய பின்னணிக் குரல். இங்கே இருப்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் கிடையாது.

இவ்வளவு பாட்டுக்கு நடுவில் வளர்ந்தவன் கல்லூரிக்குப் போனால் அங்கே என்ன கிடைத்தது? தமிழ் படித்தால் சங்கப் பாட்டு. சங்கீதம் படித்தால் கீர்த்தனை. அவன் காதில் நாள் முழுக்க விழுந்தது எதற்கும் அங்கே வகுப்பு கிடையாது. பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்தே சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தார். ஜனங்கள் இலங்கை வானொலிக்கு மாறினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கும்வரை அந்தப் பிடிவாதம் தளரவில்லை. அரசாங்க ரேடியோவுக்கே ஐந்து வருடம் பிடித்தது என்றால், பல்கலைக்கழகத்துக்கு அதைவிடக் கூடுதலாகத்தானே பிடிக்கும்.

ஆனால் ஜனங்களின் பாட்டு பல்கலைக்கழகத்துக்குள் வரவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. வந்தது, ஆனால் பாதிதான் வந்தது.

குளத்தூர் முதல் நாகர்கோவில் வரை வில்லில் பாடப்பட்ட கதைகளைக் கேரளத்தார் தெக்கன் பாட்டுகள் என்பார்கள், தமிழ்நாட்டார் கதைப்பாடல் என்பார்கள். இரவிக்குட்டிப் பிள்ளை போர், ஐவர் ராசாக்கள் கதை, உலகுடைய பெருமாள் கதை, நீலி கதை எல்லாம் இதில் சேர்த்தி. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் மோதி இறந்த வேணாட்டு அமைச்சர்தான் இரவிக்குட்டிப் பிள்ளை. அவர் கதையின் மொழி எது? வரிக்கு வரி தமிழ்தான் என்று தெற்கே இருப்பவர் காட்டுவார். பழைய மலையாளத்தின் தெற்கு வழக்கு என்று வடக்கே இருப்பவர் காட்டுவார். உள்ளூர் பரமேசுவர ஐயரின் கேரள இலக்கிய வரலாற்றில் இந்தப் பாட்டுகளுக்கு இடம் உண்டு. தமிழ் நாட்டுப்புறவியல் நூல்களிலும் இடம் உண்டு. இரண்டு வீட்டிலும் பெயர் எழுதிய பிள்ளை. ஏட்டுச் சுவடியைத் தேடினார்கள், பாடம் ஒப்பிட்டார்கள், எந்த நூற்றாண்டு, எந்த அரசன், எந்த மொழி என்று கேட்டார்கள். எப்படிப் பாடினார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இந்த வேலையைத் தோளில் சுமந்தவர் நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டிருந்தவர், பல்கலைக்கழகத்தில் உத்தியோகம் இல்லாதவர். நெல்லை ஆய்வுக் குழு என்று ஒன்றை உண்டாக்கி, 1969 முதல் ‘ஆராய்ச்சி’ என்ற இதழை நடத்தினார். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, காத்தவராயன் கதைப்பாடல், கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை ஆகியவற்றை 1971 முதல் 1974 வரை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பிராமணப் பிள்ளை சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, செருப்புத் தைத்து வாழ்ந்து, மாடு காக்கப் போய்ச் செத்த கதையைப் பல்கலைக்கழக முத்திரையோடு அச்சிடவைத்தது சின்னக் காரியம் இல்லை. சாதியையும் நிலத்தையும் பற்றி அரசவைப் புலவர்கள் சொல்லாததை இந்தப் பாட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று நிறுவியவர் அவர். அதற்கு அவருக்குச் சொற்கள் போதுமானதாக இருந்தன.

எல்லோருக்கும் போதுமானதாகவே இருந்தன. தமிழ்த் துறையிடம் சொல்லை அளக்கக் கருவி இருந்தது. சங்கீதத் துறையிடம் ராகத்தை அளக்கக் கருவி இருந்தது. ஜனங்களின் பாட்டில் சொல்லும் இருக்கிறது, ராகச் சாயலும் இருக்கிறது, ஆனால் ஆளைப் பிடித்து உலுக்குகிற ஏதோ ஒன்று இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. சினிமாப் பாட்டு கல்லூரிக்குள் வந்தபோதும் இதே கதைதான். பட்டுக்கோட்டையாரையும் கண்ணதாசனையும் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆய்வேடுகளில் உவமை உண்டு, சமுதாயச் சிந்தனை உண்டு. பாட்டைப் பாடியவர் பெயரோ மெட்டமைத்தவர் பெயரோ அடிக்குறிப்பில் வந்தால் அதிர்ஷ்டம். கவிதையாக்கினால்தான் கல்லூரி வாசலில் விடுவார்கள் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது.

வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்கு இதில் எது காணாமல் போகிறது என்று தெரியும். வளைத்த பெரிய வில், இழுத்துக் கட்டிய தோல் நாண், வில் முழுக்கத் தொங்கும் மணிகள், வில்லுக்கு அண்டையாக ஒரு குடம். நடுவில் தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி வீசுகோல் இரண்டையும் பிடித்து உட்கார்ந்திருப்பார். குடத்தின் வாயில் அடிக்கிற ஆள், உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டுப் பாடுகிறவர்கள் எல்லாம் இரண்டு பக்கமும். கதை மெதுவாக ஆரம்பிக்கும். பேச்சும் பாட்டுமாக நடக்கும். சாமி கொல்லப்படுகிற இடமோ, தெய்வமாக எழுகிற இடமோ நெருங்கும்போது நாண் அடி நெருங்கும், உடுக்கை ஏறும். எதிரில் நிற்கிற சாமியாடியின் காலில் முதலில் ஒரு நடுக்கம் வரும். அச்சில் அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே நான்கு வரி, எட்டு வரியாக அமைதியாகக் கிடக்கிறது. மாடன் சாமி புத்தகத்தைப் படித்து இறங்குவதில்லை.

இந்த இடத்தை உட்கார்ந்து கேட்டு எழுதியவர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர். 1970களின் கடைசியில் நாகர்கோவில் வட்டாரத்தில் தங்கி, கொடைக்குக் கொடை போய் ஒலிப்பதிவு செய்தார். பெர்க்லியில் 1980இல் அவர் கொடுத்த ஆய்வேடு வில்லுப்பாட்டு நிகழ்த்துதலைப் பற்றியது. 1988இல் அது வளர்ந்து புத்தகமாக வந்தது. தெய்வப் பிறப்புக் கதை, வெட்டுப்பட்டுச் செத்துத் தெய்வமானவர் கதை என்று இரண்டையும் பிரித்து, எந்தக் கட்டத்தில் பாட்டு எப்படி மாறுகிறது, ஏடு கையில் இருந்தும் நிகழ்ச்சி ஏட்டைவிட்டு எங்கே நகர்கிறது என்று பார்த்தார். அவர் வந்தது இசைத் துறையிலிருந்து இல்லை. நாட்டுப்புறவியல், தென்னாசிய ஆய்வு என்று பக்கத்து வாசல் வழியாக வந்தவர். இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உலகம் முழுவதிலும் ஜனங்களின் பாட்டு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது பக்கத்து வாசல் வழியாகத்தான்.

முன்வாசலில் என்ன நடந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். அமெரிக்காவில் ஜாஸ் இசைக்கு முதல் பட்டப்படிப்பு 1947இல் வடக்கு டெக்சாஸில் தொடங்கியது. ஆனால் பாடத்தின் பெயரில் ஜாஸ் என்ற சொல் கிடையாது. ‘நடன வாத்தியக் குழு’ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் கல்லூரிக்குள் வந்தால் மரியாதை போய்விடும் என்ற பயம். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1941இல், ஜெர்மனியிலிருந்து ஓடிவந்திருந்த தத்துவவாதி தியடோர் அடோர்னோ வெகுஜன இசை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். எல்லாப் பாட்டும் ஒரே அச்சில் வார்த்தது, மேலே பூசுகிற சாயம்தான் வேறு, கேட்பவன் தூங்கிப்போகிறான் என்பது அவர் வாதம். கோபமான கட்டுரைதான், என்றாலும் இந்த இசையை ஆராயத் தகுந்த பொருளாக எடுத்தார் என்பதற்காகப் பின்னால் வந்தவர்கள் அவரோடு சண்டை போட்டுப் போட்டே ஒரு துறையை வளர்த்தார்கள். எதிரியிடமிருந்து தொடங்கிய படிப்பு என்று சொல்லலாம்.

அடுத்த தலைமுறையில் சமூகவியலார் வந்தார்கள். 1964இல் பர்மிங்காமில் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கியது. தொழிலாளர் வீட்டுப் பையன்கள் என்ன கேட்கிறார்கள், எதை உடுத்துகிறார்கள் என்பதும் ஆய்வுப் பொருளானது. சைமன் ஃபிரித் 1978இல் ராக் இசையின் சமூகவியல் பற்றிப் புத்தகம் எழுதினார். யார் வாங்குகிறார்கள், யார் விற்கிறார்கள், இளைஞர்களுக்கு அது என்னவாக இருக்கிறது என்பதெல்லாம் இவர்களால் தெரிந்தது. மெட்டு மட்டும் இங்கும் வாசலில் நின்றது. நம் தமிழ்த் துறை சொல்லை எடுத்துக்கொண்டு மெட்டை விட்டதென்றால், இவர்கள் கேட்பவனை எடுத்துக்கொண்டு மெட்டை விட்டார்கள்.

மெட்டை உள்ளே இழுத்துவந்தவர் பிலிப் டாக். 1944இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் இசை படித்து, ஸ்வீடனில் குடியேறியவர். கோத்தன்பர்க்கில் 1971இல் இசை ஆசிரியர்களுக்கென ஒரு சோதனை முயற்சியாகப் பயிற்சிப் படிப்பு தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் கேட்கிற இசை ஒன்று, வாத்தியார் படித்துவிட்டு வருகிற இசை வேறொன்று என்ற சங்கடத்தைத் தீர்க்க வந்த ஏற்பாடு. அங்கே டாக் பாடம் நடத்தினார். ராக், ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாம் பாடத்தில் இருந்தன. நடத்தத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, இந்த இசையை விளக்க அவர் படித்த இசையியலில் வார்த்தையே இல்லை என்று. அந்த இசையியல் சுரம் எழுதிய தாளைப் பார்த்துப் பேசும். தாளில் எழுத முடியாத குரலின் கரகரப்பு, மைக்கின் நெருக்கம், எதிரொலி, கித்தாரின் உறுமல் எதுவும் அதன் கண்ணில் படாது. ஜனங்கள் பாட்டை விரும்புவதோ பெரும்பாலும் இவற்றுக்காக.

1979இல் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஐம்பது வினாடி இசை. ‘கோஜாக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தலைப்பு இசை அது. மொட்டைத் தலை போலீஸ்காரர் குற்றவாளிகளைப் பிடிக்கிற கதை. இசையமைத்தவர் பில்லி கோல்டன்பர்க். ஐம்பது வினாடிக்கு ஒரு முழு ஆய்வேடு. கேலி செய்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் செய்த காரியம் கேலிக்குரியதில்லை. அந்த இசையில் ஒரு கொம்பு உயர்ந்து ஒலிக்கிறது. அதைக் கேட்டவுடன் வீரன் வருகிறான் என்று எல்லோருக்கும் எப்படித் தெரிகிறது? டாக் வேட்டைக் கொம்பு, படை முழக்கம், பழைய ஓபரா, வேறு சினிமா இசை என்று தேடித் தேடி, அதே அசைவு எங்கெல்லாம் வந்திருக்கிறது, அங்கெல்லாம் அதோடு என்ன காட்சி, என்ன சொல் இருந்தது என்று ஒப்பிட்டார். கொம்புக்கு அடியில் ஓயாமல் ஓடுகிற தாளத் துணுக்கு நகரத்தின் பரபரப்பையும் ஆபத்தையும் சொல்கிறது என்பதையும் இதே வழியில் காட்டினார். படிக்கத் தெரியாதவனுக்கும் இந்த மொழி தெரியும், இசைக் கல்லூரிக்குப் போகாதவன் தப்பாமல் புரிந்துகொள்கிறான் என்பது அவர் நிறுவிய செய்தி.

இன்னொரு உத்தியும் வைத்திருந்தார். ஒரே ஒரு உறுப்பை மட்டும் மாற்றிப் பார். கொம்பை எடுத்துவிட்டு அதே சுரத்தைப் புல்லாங்குழலில் வாசி. வீரன் போய்விட்டானா? அப்படியானால் வீரம் சுரத்தில் இல்லை, கொம்பின் தொனியில் இருக்கிறது. கொம்பை அப்படியே விட்டுவிட்டு வேகத்தைக் குறை. இப்போது என்ன ஆகிறது? இதை நான் முதலில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஊர்க் கொடைதான். கதை, மெட்டு, ஆள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். உடுக்கையை எடுத்துவிட்டு மிருதங்கத்தை வைத்துப் பாருங்கள். கச்சேரி நன்றாகவே இருக்கும். சாமி வருமா என்று எந்தச் சாமியாடியிடமும் கேட்டுக்கொள்ளலாம். அண்ணாவிகளுக்குத் தெரிந்த இதையே கோத்தன்பர்க்கில் ஒருவர் முறையாக எழுதி, பரிசோதனையாக்கி, பட்டம் வாங்கினார்.

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. 1981இல் ஆம்ஸ்டர்டாமில் வெகுஜன இசை ஆய்வுக்காகச் சர்வதேச மாநாடு கூடியது. அந்த வருடமே உலக அளவில் ஒரு சங்கம் உருவானது, டாக் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். கேம்பிரிட்ஜ் அச்சகம் இந்தத் துறைக்கென ஓர் ஆய்விதழை அதே வருடம் தொடங்கியது. 1988இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் வெகுஜன இசைக்கென ஒரு நிறுவனமே பிறந்தது, உலகத்தில் அத்தகையவற்றில் முதலாவது. பீட்டில்ஸ் பிறந்த ஊரில் அதைத் தொடங்கியது பொருத்தம்தான். ஆனால் அதன் முதல் இயக்குநர் டேவிட் ஹார்ன் பாடகரோ இசைப் பேராசிரியரோ இல்லை, நூலகர். எந்தத் துறையும் சேர்த்துக்கொள்ளாத புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் சேர்த்து வைத்து, பட்டியல் போட்டுப் பழகியவர். ஒரு புதிய படிப்புக்கு முதல் தேவை அலமாரி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. டாக்கும் பின்னால் அங்கே வந்து 2002 வரை கற்பித்தார்.

தமிழ்ப் பாட்டு இந்த அலமாரிக்கு வந்துசேர்ந்த வழி இன்னும் சுற்று. 1993இல் பீட்டர் மானுவல் வட இந்தியக் கேசட்டுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெரிய கம்பெனிகளின் பிடி கேசட்டால் எப்படித் தளர்ந்தது, வட்டாரப் பாட்டுகளும் பக்திப் பாட்டுகளும் எப்படிப் பெருகின என்பது அதில் இருந்தது. 1999இல் பால் கிரீன் ஒரு தமிழ்க் கிராமத்தைப் பற்றி எழுதிய கட்டுரை எங்களுக்கு இன்னும் பக்கம். கோயிலில் ஒலிபெருக்கி கட்டிக் கேசட் போடுவதையே ஒரு வழிபாட்டுச் செயலாக அவர் எடுத்துக்கொண்டார். எந்தக் கேசட், எந்த நேரம், எவ்வளவு சத்தம், குழாய் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மைக்செட்காரரை இசை ஆய்விதழ் ஒன்றில் கலைஞராகப் பார்க்கிற அளவுக்குக் காலம் மாறியிருந்தது. குளத்தூரில் கோளாம்பி கட்டியவர்களுக்கு இது தெரிந்தால் கூலி கூட்டிக் கேட்டிருப்பார்கள்.

சர்ச் பாட்டு வழியாகவும் ஒரு பாதை உண்டு. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, கர்நாடகச் சாயல் கீர்த்தனையும் ஐரோப்பிய ஞானப்பாட்டும் ஆண்ட தென்னிந்தியத் திருச்சபையில் கிராமத்து மெட்டுகளிலேயே வழிபாட்டை அமைத்தார். எந்த இசை மேல், எந்த இசை கீழ் என்பது எந்தச் சாதி மேல், எந்தச் சாதி கீழ் என்பதோடு கட்டுண்டது என்று வகுப்பில் சொன்னார், பாடியும் காட்டினார். அவர் 2005இல் காலமானார். ஜோய் ஷெரினியன் அவரைப் பற்றி எழுதிய நூல் 2014இல் இண்டியானா பல்கலைக்கழக அச்சகத்தில் வந்தது. ஓர் இறையியல் கல்லூரி செய்ததை எந்த இசைக் கல்லூரியும் செய்யவில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

சினிமாப் பாட்டின் குரல் ஆய்வுப் பொருளானது இன்னும் பிந்தி. அமெரிக்க மானிடவியலாளர் அமண்டா வைட்மன் 2021இல் தமிழ்ப் பின்னணிப் பாடல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். திரையில் ஒரு பெண் ஆடுகிறாள், குரல் இன்னொரு பெண்ணுடையது. பாடுகிறவர் மைக்குக்கு முன்னால் அசையாமல் நிற்பதும், மேடையில் புடவைத் தலைப்பைப் போர்த்தி நிற்பதும் எதற்காக? பி. சுசீலாவின் குரல் எந்தப் பாத்திரங்களுக்குப் போனது, எல்.ஆர். ஈஸ்வரியின் சிரிப்பும் பெருமூச்சும் எந்தப் பாத்திரங்களுக்குப் போயின? குரலிலேயே குடும்பப் பெண், குடும்பத்துக்கு வெளியே இருக்கிற பெண் என்று கோடு போட்டார்கள் என்பதை அவர் காட்டுகிறார். நமக்குத் தெரியாததா என்று கேட்கலாம். டீக்கடையில் தெரிந்ததுதான். பல்கலைக்கழகத்தில் அதற்கு முன் யார் எழுதினார்கள்?

படிப்பிலிருந்து பயிற்சிக்கு வந்தால் எங்கள் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. கே.எஸ். சித்ரா கேரளப் பல்கலைக்கழகத்தில் இசையில் முதுகலை படித்தவர். குரு அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. ஓமனக்குட்டி. சித்ராவை அகில இந்தியாவுக்கும் அடையாளம் காட்டியது 1985இல் வந்த ‘சிந்து பைரவி’. தேசிய விருது கிடைத்த ‘பாடறியேன்’ பாட்டில் ஒரு பெண் நாட்டுப்புற மெட்டில் தொடங்குகிறாள். அதே சுரங்களில் நடந்து தியாகராஜர் கீர்த்தனைக்குள் போய் முடிக்கிறாள். இளையராஜா சாரமதி ராகத்தில் போட்ட கணக்கு அது. அதன் பிற்பாதியைப் பாடக் கல்லூரி சொல்லிக்கொடுத்தது. முற்பாதியை, அதாவது மைக்கிலிருந்து எவ்வளவு விலக வேண்டும், கிராமத்துப் பெண்ணின் குரலில் எவ்வளவு பயிற்சி தெரியக் கூடாது என்பதை, எந்தப் பாடத்திட்டமும் சொல்லித்தரவில்லை. அதற்குத் தேர்வு நடந்த இடம் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடம்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே பட்டப்படிப்பும் வந்தது. 2024இல் சென்னை ஐஐடியில் இளையராஜா பெயரில் இசைக் கற்றல், ஆராய்ச்சி மையத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. குளத்தூர்ப் பையன் ஒருவன் சினிமா இசையைப் பட்டமாகப் படிக்க வேண்டும் என்றால் இன்றைக்கு வழி இருக்கிறது, பணம் இருந்தால். வில்லுப்பாட்டை மெட்டோடு, அடியோடு, குடத்தோடு படிக்க வேண்டும் என்றால்?

எங்கள் பக்கத்தில் வில்லுப்பாட்டில் ஆய்வு செய்யக் கிளம்பிய பையன் ஒருவன், கோயில் திண்ணையில் இருந்த பெரியவரிடம் விவரம் கேட்கப் போனான்.

“எனக்க மக்கா, பாட்டு கேக்கதுக்கும் காலேஜா?”

“கேக்கதுக்கு இல்ல பாட்டா, ஆராய்ச்சிக்கு.”

“அங்க வில்லு அடிக்கப் படிப்பிச்சுத் தருவினுமா?”

“அது இல்ல பாட்டா.”

“பின்ன ஆருக்குடே ஆராய்ச்சி?”

பையனிடம் பதில் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு இப்போது ஒரு நடைமுறை வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ‘செயல்முறைப் பேராசிரியர்’ என்ற பதவிக்கு விதிமுறை வகுத்தது. முனைவர் பட்டமோ நெட் தேர்வோ தேவையில்லை. தன் துறையில் தேர்ந்தவராக, குறைந்தது 15 வருட அனுபவம் உள்ளவராக இருந்தால் போதும். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்களில் பத்து சதவீதம்வரை இப்படி நிரப்பலாம், ஒருவர் அதிகபட்சம் நான்கு வருடம் இருக்கலாம். நுண்கலையும் அந்தப் பட்டியலில் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையும் இருக்கிறது, இசைத் துறையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஓர் அண்ணாவியை அமர்த்தினால் சொல் ஒரு துறை, மெட்டு ஒரு துறை என்ற பழைய பாகப்பிரிவினையை முதல் வருடமே தகராறில் விடலாம். அவர் முதல் வகுப்பில் பாடம் எடுக்க மாட்டார் என்பது என் ஊகம். பிள்ளைகளைச் சந்தைக்குக் கூட்டிப்போய், எந்தக் குடம் பாட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று தட்டித் தட்டிக் காட்டுவார். அதற்குப் பயணப்படி எந்தக் கணக்கில் எழுதுவது என்று நிதிப் பிரிவு கேட்கும்.